தப்பிப்போன குண்டு எங்கே போகிறது?

அடுத்த முறை குரோம்பேட்டை வெற்றியிலோ வீட்டு டி.வி.யிலோ ஒரு ஆக்‌ஷன் படம் பார்க்கும்போது, ஹீரோ கைக்கு ரிவால்வர் வந்தவுடன் மனசுக்குள் எண்ண ஆரம்பியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு வந்ததும் நிமிர்ந்து பாருங்கள். அவர் இன்னும் சுட்டுக்கொண்டிருப்பார். ரிவால்வரில் சுழலுகிற உருளை ஒன்று உண்டு. பெரும்பாலானவற்றில் ஆறு அறை, அறைக்கு ஒரு தோட்டா. ஏழாவது சத்தம் கேட்டால் அது சவுண்ட் இன்ஜினீயர் சுட்டது.

இது பழைய கிண்டல்தான். ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று கூப்பிட்ட காலத்திலிருந்தே பெஞ்சு டிக்கெட்காரர்கள் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் கர்ணன் ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972) என்று வரிசையாகக் குதிரையும் தொப்பியும் துப்பாக்கியுமாக எடுத்துத் தள்ளினார். அவற்றில் யாரும் கணக்குக் கேட்கவில்லை. 2010ல் சிம்புதேவன் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ அந்த ரகப் படங்களைக் கேலி செய்தது. கதையில் வரும் ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர். கண்ணடித்துக்கொண்டே புளுகுகிறவனிடம் யார் சண்டை போடுவார்கள்? என்னைக் கேட்டால், துப்பாக்கி விஷயத்தில் நம்முடைய நேர்மையான படம் அதுதான்.

ஆகவே தோட்டாக் கணக்கை விட்டுவிடலாம். என் புகார் வேறு. சினிமாவில் பறக்கிற நூறு குண்டில் தொண்ணூறு யார் மேலும் படுவதில்லை. ஹீரோ குனிகிறார், உருளுகிறார், தப்பிக்கிறார். சரி, அந்தத் தொண்ணூறும் எங்கே போகின்றன? ஃப்ரேமைத் தாண்டியதும் ஆவியாகிவிடுகின்றனவா? பின்னால் ஒரு தெரு இருக்குமே, தெருவில் ஒரு இட்லிக் கடை இருக்குமே?

தாம்பரத்தைச் சுற்றி வசிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி விநோதமாகப் படாது. வடக்கே பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி அகாடமி. கிழக்குத் தாம்பரம் பக்கம் விமானப்படைத் தளம். வண்டலூர் தாண்டினால் ஊனமாஞ்சேரியில் போலீஸ் அகாடமி. இன்னும் தெற்கே போனால், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து விலகி அனுமந்தபுரத்தில் பெரிய சுடுதளம். செங்கல்பட்டு மாவட்டத்து ஒத்திவாக்கத்தில் போலீஸ் சுடுதளம். அகில இந்தியப் பெண் போலீசாருக்கான துப்பாக்கி சுடும் போட்டி 2023ல் அங்கேதான் நடந்தது. இதற்கு நடுவில்தான் ஃப்ளாட் வாங்கி, இ.எம்.ஐ. கட்டி, லட்சக்கணக்கான ஜனங்கள் குடியிருக்கிறோம். தப்பிப்போன குண்டு எங்கே போகும் என்பதில் நமக்கு ஒரு சின்ன அக்கறை இருக்கக்கூடாதா?

போட்டி மைதானத்தின் விதிகளைப் படித்தால், அவை பெரும்பாலும் அந்த ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலாகவே தெரிகின்றன. ரிவால்வருக்கு இடம் இருக்கிற போட்டி 25 மீட்டர் சென்டர் ஃபயர். இப்போது நிறையப் பேர் .32 தானியங்கிப் பிஸ்டலுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் ரிவால்வருக்குத் தடையில்லை. ஆறு அறை இருந்தாலும் ஐந்து தோட்டாதான் போடலாம். ஐந்து சுடு, நிறுத்து, காலி செய், காட்டு. துப்பாக்கியின் மூக்கு எந்நேரமும் இலக்கின் பக்கமே இருக்கவேண்டும். பேச்சு சுவாரசியத்தில் கையோடு திரும்பினால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். கோட்டுக்கு முன்னால் ஒரு ஆள் நடமாடினாலும் யாரும் ஆயுதத்தைத் தொடக்கூடாது. சுட்டு முடித்ததும் அறை காலி என்று காட்ட ஒரு பளிச் நிறக் கொடி செருகவேண்டும். இலக்குக்குப் பின்னால் சுவரோ மண்மேடோ கட்டாயம். விளையாட்டில் சுடுகிற சின்ன .22 தோட்டா டப்பாவிலேயே ஒரு மைல் வரைக்கும் ஆபத்து என்று எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் புறப்பட்டால் சானடோரியம் பக்கம் வந்துவிடுகிற தூரம்!

உபகரண விதிகள் இன்னும் தமாஷ். துப்பாக்கி 1,400 கிராமுக்கு மேல் கனக்கக்கூடாது. டிரிக்கர் லேசாக இருந்தால் தும்மினாலே வெடிக்கும் இல்லையா, அதனால் ஒரு கிலோ எடைக்கல்லை டிரிக்கரில் தொங்கவிட்டு, துப்பாக்கியோடு தூக்கிப் பார்க்கிறார்கள். கல் தொங்கிக்கொண்டே இருந்தால் பாஸ். சுத்தியல் விழுந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி ஃபெயில். அண்ணாச்சி கடைத் தராசில் புளி நிறுக்கிற கறார். தோட்டாவின் தலைகூட கூராக இருக்காது, தட்டையாக இருக்கும். காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டமாதிரி வட்டமாக ஓட்டை விழுந்தால்தானே பத்தா, ஒன்பதா என்று தகராறு இல்லாமல் பார்க்க முடியும்?

நிற்கிற விதமோ சினிமாவுக்குத் துளியும் ஒத்துவராது. ஒரே கையில்தான் பிடிக்கவேண்டும். இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டில். பல்லாவரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி இருப்பார். காதில் சத்தம் தடுக்கும் கவசம். (நம்ம ஹீரோ காதுக்குப் பக்கத்தில் ஆறு ரவுண்டு சுட்டுவிட்டு, உடனே கதாநாயகியிடம் கிசுகிசுப்பார். அவளுக்கும் கேட்கும்!) ரிவால்வரின் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டால் டிரிக்கர் லேசாகும், இழுக்காமல் சுட்டால் விரல் நீள இழுவை இழுக்கவேண்டும், கை ஆடும். அந்த ‘க்ளிக்’ சத்தத்தை வில்லனைப் பயமுறுத்த மட்டும் சினிமா எடுத்துக்கொண்டது. சுடுகிறவருக்கு அது கை ஆடாமல் இருப்பதற்கு.

போட்டியில் இரண்டு பாகம். முதல் பாகத்தில் ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிஷம். சாவகாசமாகச் சுடலாம். அப்படி முப்பது. இரண்டாவது பாகம்தான் விசேஷம். கையை 45 டிகிரிக்குக் கீழே தாழ்த்தி வைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைப் பார்த்தபடி நிற்கவேண்டும். ஏழு விநாடி. விளக்கு பச்சையாகும். மூன்றே விநாடிக்குள் கையைத் தூக்கி, குறிபார்த்து, ஒரு குண்டு. மறுபடி சிவப்பு. ஏழு விநாடி சும்மா நிற்க வேண்டும். நேரம் தாண்டிப் போன குண்டுக்கு மார்க் பூஜ்யம். இதிலும் முப்பது. மொத்தம் அறுபது குண்டு, 600 மார்க். 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா இதில் 590 எடுத்தார். அன்றைய உலக சாதனைக்குச் சமம். அறுபது குண்டிலும் சேர்த்து அவர் இழந்தது பத்தே மார்க். ஒவ்வொரு ஓட்டைக்கும் வரவு செலவு இருக்கிறது, பாருங்கள்.

இதையெல்லாம் அறிந்த ஒரு ஸ்டார் நம்மிடமே இருக்கிறார். அஜித்குமார் 2021ல் தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொண்டு பதக்கங்கள் வாங்கினார். 2022ல் திருச்சியிலும் வாங்கினார். அவரைப் பார்க்க ரைஃபிள் கிளப் வாசலில் ஜனம் அலைமோதியது. அவர் சுட்டது என்ன போட்டி, எத்தனை மார்க் என்று கேட்டவர் குறைவு. அடுத்த பொங்கலுக்கு, 2023ல், ‘துணிவு’ வந்தது. வங்கிக்குள் நடக்கிற கதை. துப்பாக்கிகளுக்குப் பஞ்சமில்லை, தோட்டாக்களுக்கும் பஞ்சமில்லை. ரசிகனுக்கு விருந்துதான், நானும் ரசித்தேன். ஆனால் பச்சை விளக்குக்காக மூச்சைப் பிடித்து நிற்கத் தெரிந்த ஒரு நடிகரை வைத்துக்கொண்டு, அந்த நிற்பதை ஒரு ஷாட்கூட எடுக்காமல் இருப்பது டைரக்டர்களின் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறேன்.

குண்டு பட்டால் என்ன ஆகும் என்பதிலும் நம் சினிமா கெட்டிக்காரத்தனமாக மறதி காட்டும். ஹீரோவுக்கு எப்போதும் தோளில்தான் படும். கத்தியைச் சூடுபண்ணி எடுத்துவிடுவார்கள். அடுத்த ரீலில் டூயட். இதே தென்சென்னைப் புறநகரில், நிஜ ரிவால்வர் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாடு முழுக்க அறிந்த அத்தாட்சி இருக்கிறது. 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆர். வீட்டுக்குப் போன எம்.ஆர்.ராதாவின் ரிவால்வரிலிருந்து எம்.ஜி.ஆர். மீது ஒரு குண்டு. ராதா மீது இரண்டு, அவையும் ராதாவே சுட்டுக்கொண்டவை என்று அரசுத் தரப்பு சொன்னது. இரண்டு பேரும் சேர்ந்து நடித்த ‘பெற்றால்தான் பிள்ளையா’ வந்து ஒரு மாசம் சொச்சம்தான் ஆகியிருந்தது.

மூன்றே குண்டு. சினிமாவில் டைட்டில் கார்டுக்கு முன்னாலேயே செலவாகிவிடுகிற எண்ணிக்கை. இந்த மூன்றுக்கும் கணக்குப் பார்க்க கோர்ட்டுக்கு நவம்பர் வரை ஆயிற்று. யார் சுட்டது, எந்தத் தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில், குண்டு ஏன் ஆளைக் கொல்லவில்லை? தோட்டாக்கள் பல வருஷம் முன்பு வாங்கியவை. மேஜை டிராயரைத் திறந்து மூடும்போதெல்லாம் டப்பாவுக்குள் உருண்டு உருண்டு தளர்ந்து வேகம் இழந்திருந்தன என்று தடயவியல் நிபுணர் பி.சந்திரசேகரன் விளக்கினார். போட்டிக்குப் போகிறவர்கள் தோட்டாவைக் குழந்தை மாதிரி பொத்திவைப்பதன் காரணம் இதைப் படித்தால் புரியும். ராதாவுக்கு ஏழு வருஷத் தண்டனை விதித்தது செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்.

கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். இருக்கும் போஸ்டர் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே ஜெயித்தார். ஆனால் குரல் போய்விட்டது. அந்த வருஷமே வந்த ‘காவல்காரன்’ படத்தில் மாறிப்போன குரலில்தான் பேசினார். ஜனங்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். 1987 டிசம்பரில் காலமாகும்வரை, இருபது வருஷம், மேடையிலும் கோட்டையிலும் அந்தக் குரல்தான். ஒரு குண்டின் விலை அது. தமிழ் சினிமாவின் நம்பர் ஒன் ஹீரோவின் தொண்டையிலேயே எழுதப்பட்டிருந்த இந்த உண்மையைத் தமிழ் சினிமா எப்படித் தாண்டிப்போயிற்று என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

தப்பிப்போன குண்டுக்கும் தமிழ்நாட்டில் சாட்சி உண்டு. 2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் உள்ள சுடுதளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தள்ளியிருந்த ஊரில், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. நாலாம் நாள் பையன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அங்கே சுட்டது ரிவால்வர் இல்லை, அது போட்டியும் இல்லை. ஆனாலும் மண்மேடு, கொடி, மூக்கை முன்னாலேயே வை என்கிற கண்டிப்பு எல்லாம் எதற்காக என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. நம் படங்களில் இதுவரை எத்தனை லட்சம் குண்டு தப்பிப்போயிருக்கும்! அதில் ஒன்றையாவது பின்தொடர்ந்து, அது போய் விழுந்த வீட்டுக்குள் கேமரா நுழைந்திருக்கிறதா? நுழைந்தால் அன்றைக்குத் தியேட்டரில் விசில் வராது. அதனால்தான் நுழைவதில்லையோ, என்னவோ.

விதிப்படி எடுத்தால் சுவாரசியம் போய்விடும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, அதைச் சரிசெய்வதிலேயே நிமிஷங்கள் கரைந்தன. ஃபைனல் வாய்ப்பைக் கொஞ்சத்தில் விட்டார். பிறகு நான் மேலே சொன்ன ஜஸ்பால் ராணாவையே கோச்சாக வைத்துக்கொண்டு 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் ஜெயித்தார். இடைவேளையும் க்ளைமாக்ஸும் ரெடியாக இருக்கிற கதை.

அதைவிடப் பெரிய கதை ஹங்கேரியில் இருக்கிறது. கரோலி டகாக்ஸ் என்று ஒரு ராணுவ வீரர், பிஸ்டல் சாம்பியன். 1938ல் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்துச் சுடுகிற வலது கை சிதைந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் யாரிடமும் மூச்சு விடாமல் இடது கையால் சுடப் பழகினார். அடுத்த வருஷம் தேசியப் போட்டி நடக்கிற இடத்துக்கு வந்தபோது பழைய தோழர்கள், பாவம், வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அவர் போட்டியிட வந்திருந்தார். ஜெயித்தார். 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் ஒலிம்பிக் தங்கம், இடது கையால். படம் முழுக்க ஒரு ஆளையும் சுடவேண்டியதில்லை. சுட்ட குண்டெல்லாம் காகிதத்தில் போய் முடியும். வெளிநாட்டுக் கதைகளைச் சுடுவதில் கோடம்பாக்கத்துக்கு ரொம்ப வருஷ அனுபவம். இதை மட்டும் ஏன் இன்னும் சுடாமல் வைத்திருக்கிறார்கள்?