இருப்பது மட்டும் போதுமா? பாப்பாதிமித்ரியூவின் ஆய்வு வழி

சந்தையில் ஒரு சமநிலை உண்டு என்று பொருளியல் சொன்னால், அதை எட்ட எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்பவர் கணினி அறிவியலாளர் கிறிஸ்டோஸ் பாப்பாதிமித்ரியூ. 1949இல் ஏதென்ஸில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்தவர். 1976இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றார். நெடுங்காலம் பெர்க்லியில் கற்பித்தபின் 2017இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பிற துறைகளின் கோட்பாடுகளை அல்காரிதத்தின் அளவுகோலால் சோதிப்பது அவர் ஆய்வு வழி. அதன் வலுவையும் தளர்வையும் அவருடைய பணிகளைக் கொண்டே எடைபோடலாம்.

முதலில் வலு. வீரர்களும் உத்திகளும் எண்ணி முடியக்கூடிய எந்த ஆட்டத்திலும், எவரும் தாம் மட்டும் உத்தியை மாற்றி லாபம் பெற முடியாத ஒரு நிலை உண்டு என்று 1950இல் கணிதவியலாளர் ஜான் நாஷ் நிறுவினார்; அதுவே நாஷ் சமநிலை. அந்த நிலையை விரைவாகக் கண்டடையும் வழி அந்த நிறுவலில் இல்லை. விடை உறுதியாக இருந்தும் தேடல் கடினமாகத் தோன்றும் இத்தகைய சிக்கல்களுக்காக, பாப்பாதிமித்ரியூ 1994இல் 'பிபிஏடி' என்ற வகுப்பை வரையறுத்தார். நாஷ் சமநிலையைக் கண்டுபிடிப்பது அந்த வகுப்பின் மிகக் கடினமான சிக்கல்களுள் ஒன்று என்பதை, தம் மாணவர் கான்ஸ்டான்டினோஸ் தஸ்கலாகிஸ், பால் கோல்ட்பர்க் ஆகியோருடன் சேர்ந்து பின்னர் நிறுவினார். கணினியே திணறும் இடத்தை மனிதர்கள் இயல்பாக எட்டிவிடுவார்கள் என்று எப்படி நம்புவது? இந்தக் கேள்வியைப் பொருளியல் இனி ஒதுக்கிவிட முடியாது.

1999இல் எலியாஸ் கூட்சூபியாஸுடன் எழுதிய கட்டுரை இன்னொரு சாதனை. அவரவர் தம் நலனையே பார்த்தால் பொதுநலன் எவ்வளவு குறையும் என்பதை அது அளவிட முனைந்தது. அந்தத் தடத்தில் டிம் ரஃப்கார்டனும் ஏவா டார்டோஷும் சாலை நெரிசலை ஆராய்ந்தனர். நெரிசலுக்கு நேர்விகிதத்தில் பயண நேரம் கூடும் சாலைகளில், தன்னலத்தால் மொத்தப் பயண நேரம் சிறந்த நிலையைப் போல 4/3 மடங்குக்கு மேல் போகாது என்று காட்டினர். தன்னலம் தீது என்னும் பொதுவான குறையை அளக்கக்கூடிய எண்ணாக மாற்றியது பெரிய பயன். இந்த ஆய்வுகள் 2012இல் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசைப் பகிர்ந்துகொண்டன.

இனித் தளர்வு. கடினம் என்ற இந்தத் தீர்ப்புகள் மிக மோசமான நேர்வை வைத்துத் தரப்படுபவை. அன்றாடப் பேரங்களும் ஏலங்களும் அவ்வளவு சிக்கலானவை என்பதற்கு உறுதி இல்லை. பிபிஏடி சிக்கல்களுக்கு விரைவான அல்காரிதம் கிடையாது என்பதும் இதுவரை நிறுவப்படாத ஊகமே. மேலும், ஆட்டக் கோட்பாட்டாளர் ராபர்ட் ஆமன் முன்வைத்த, ஆட்டக்காரர்களின் தேர்வுகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்க இடம்தரும் 'தொடர்புறு சமநிலை'யை விரைவாகக் கணக்கிடலாம். எளிய கற்றல் முறைகளே ஆட்டக்காரர்களை அதன் அருகே கொண்டுசேர்க்கும். ஆகவே, நாஷ் சமநிலை கடினம் என்ற முடிவு வீழ்த்துவது ஒரு குறிப்பிட்ட சமநிலையின் மீதான நம்பிக்கையைத்தான்; சமநிலை என்னும் கருத்தையே அன்று.

மூளை ஆய்வில் இந்த வழியின் தளர்வு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நரம்பணுக் கூட்டங்கள் எப்படிக் கணக்கிடக்கூடும் என்பதற்கு, சக ஆய்வாளர்களுடன் 2020இல் பாப்பாதிமித்ரியூ ஒரு கணித முறையை முன்வைத்தார். அது அழகானது, துணிவானது. ஆனால் நாஷ் விஷயத்தில் அவர் சோதித்தது, அந்தத் துறையே துல்லியமாக வரையறுத்துத் தந்த கருத்தை. மூளையியலில் அத்தகைய வரையறை இல்லாததால், சோதிப்பவரே மாதிரியையும் அமைக்க வேண்டியிருக்கிறது. அந்த மாதிரி சரிதானா என்பதைத் தேற்றத்தால் முடிவு செய்ய இயலாது. ஆய்வகச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

ஆகவே என் மதிப்பீடு இது: ஒரு துறை தன் கூற்றைக் கூர்மையாகச் சொல்லியிருக்கும் இடத்தில் பாப்பாதிமித்ரியூவின் வழி இணையற்றது, சொல்லாத இடத்தில் அது தொடக்கம் மட்டுமே. 'உண்டு' என்று நிறுவும் ஒவ்வொருவரும் 'எட்ட முடியுமா' என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடமையை அவர் அறிவியலில் ஊன்றியிருக்கிறார். அவர் வழியில் வருவோர்க்கும் ஒரு கடமை உண்டு: 'கடினம்' என்று தீர்ப்பளித்தபின், மனிதர்கள் உண்மையில் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதை நேரில் சென்று பார்ப்பது.