முதல் 60 அடி

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் என் போலோ 1.0 டிஎஸ்ஐ முதல் தடவை கிளம்பியபோது டயர் போட்ட அலறலுக்கு நாலு பேர் கைதட்டினார்கள். ஜிபிஎஸ் டைமர் மட்டும் அசரவில்லை. முதல் 60 அடிக்கு 2.58 விநாடி என்று காட்டியது. கால் மைல் பந்தயம், அதாவது 402 மீட்டர், பாதிக்கு மேல் இந்த 60 அடியிலேயே முடிவாகிவிடும். இங்கே மிச்சம் பிடிக்கிற 0.1 விநாடி கடைசிக் கோட்டில் வட்டியோடு திரும்பி வரும்.

என் வண்டியில் 110 குதிரைத்திறன். 175 நியூட்டன் மீட்டர் டார்க் 1,750 ஆர்பிஎம்மிலேயே முழுசாக வந்துவிடுகிறது. இழுப்பதோ முன்சக்கரங்கள். கிளம்பும் நொடியில் மூக்கு தூக்கி, பளு பின்னால் போகிறது. நான் போட்ட கணக்கில் சுமார் 100 கிலோ. உழைக்க வேண்டிய சக்கரத்திலிருந்து இறங்கி, சும்மா உருளும் சக்கரத்தின் மேல் ஏறி உட்காருகிறது. பின்சக்கர வண்டிக்காரர்களுக்கு இதே சங்கதி வரம்.

பலரும் முதலில் பவர் கூட்டும் இன்ஜின் ரீமேப்புக்குத்தான் பணம் கட்டுகிறார்கள். சுற்றுகிற சக்கரத்துக்கு இன்னும் பவர் கொடுத்தால் இன்னும் புகை வரும், அவ்வளவுதான். நான் ஓசியில் கிடைப்பதிலிருந்து ஆரம்பித்தேன்: காற்று. முன்டயரில் 32 பிஎஸ்ஐ இருந்ததை 26 ஆக்கினேன். ஐந்து ஓட்டங்களின் சராசரி 2.50. பேராசைப்பட்டு 22-க்கு இறக்கியதும் மறுபடி 2.55. சாதாரண ரோடு டயரில் காற்று ரொம்பக் குறைந்தால் நடுப்பகுதி உள்வாங்கி, ஓரங்கள் மட்டுமே தரையில் பதியும். நேர்கோட்டுப் பந்தயத்துக்கான ஸ்லிக் டயர்களின் பக்கச்சுவர் மடிந்து கொடுப்பதற்காகவே செய்யப்பட்டது. அதைப் பார்த்து நாமும் காற்றை இறக்கினால் வேலைக்காகாது.

அடுத்தது கால். ரப்பர் தரையைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் வேகமாகச் சுற்றும்போதுதான் அதன் பிடி உச்சத்தில் இருக்கும். காதுக்கு அது சின்னக் கீச்சொலியாகத்தான் கேட்கும். அலறல் கேட்டால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். 4,000 ஆர்பிஎம்மில் க்ளட்ச்சைச் சடாரென விடுவதை நிறுத்தி, 2,500-இல் மெல்ல நழுவவிட்டுப் பழகினேன். ஒரு மதியம் முழுக்க இதற்கே போனது, க்ளட்ச் தீய்ந்த வாடையோடு. ஆனால் 2.43. பைசா செலவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது.

அதன் பிறகுதான் டயர். மிருதுவான ரப்பர் கலவை, ட்ரெட்வேர் எண் 200. கம்பெனி டயரின் அதே அளவு. ஓட்டிய முதல் நிமிடமே வித்தியாசம் தெரிந்தது. ஸ்டீயரிங் கனத்தது, சராசரி 2.29-க்கு இறங்கியது. குறைகளும் உண்டு. ஆறின ரப்பர் பிடிக்காது, முதல் ஓட்டம் எப்போதும் சுமார்தான். சீக்கிரம் தேயும். தண்ணீர் தேங்கிய சாலையில் வயிற்றைக் கலக்கும். ஐப்பசி மழையில் இதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகாதீர்கள். பர்ன்அவுட்டுக்காகத் தண்ணீர் ஊற்றிய இடம் இருந்தால் ஒதுங்கிச் சுற்றி வாருங்கள். பள்ளம் வெட்டிய டயர் அந்தத் தண்ணீரைக் கிளம்பும் கோடுவரை சுமந்து வந்து நம் சக்கரத்தடியிலேயே கொட்டும்.

கடைசியாக இன்ஜின் மவுண்ட்டில் பாலியூரித்தேன் இன்செர்ட். சக்கரம் தடதடவென்று குதிப்பது நின்றது; நேரத்தில் பெரிய மாற்றமில்லை. சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டு நடுங்குகிறது. வீட்டில் "இது என்னங்க, டிராக்டர் மாதிரி?" என்று கேட்டாயிற்று. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டால் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிற தொல்லை தீரும். கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டிய வேலை என்பதால் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

என் தீர்ப்பு: காற்றுக்கும் காலுக்கும் முழு மதிப்பெண். டயர், மாதம் ஒருமுறையாவது டிராக்குக்குப் போகிறவர்களுக்கு மட்டும். இன்செர்ட் வாங்காதீர்கள், குதிப்பு இருந்தால் ஒழிய. இன்னொன்று: டிராக்கிலிருந்து கிளம்பும் முன் மறக்காமல் 32-க்குக் காற்று ஏற்றுங்கள். 26-இல் பைபாஸில் நூறு போனால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.