கே.பி. சுந்தராம்பாள்: புகழ் மறைத்த கலை

சாரல் பருவத்தில் தென்காசி வழியாகக் குற்றாலத்திற்கு வந்து, அருவியில் நீராடித் திரும்புவோர் பல்லாயிரவர். அங்கிருந்து சில கல் தொலைவிலேயே இருக்கும் செங்கோட்டையைத் தமிழ் நாடக வரலாற்றோடு சேர்த்து எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. 1906ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. அவர் பெயருக்கு முன்னுள்ள ‘எஸ்’ என்னும் எழுத்து செங்கோட்டையையே குறிக்கும். அவருடைய துணைவியார் என்ற முறையில் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளை நம் வட்டாரத்து மருமகள் என்று உரிமை கொண்டாட நமக்கும் ஆசை உண்டு. எனினும், அந்த உறவுமுறையே அம்மையாரின் கலையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டதோ என்னும் ஐயத்தை இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

1908ஆம் ஆண்டு கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்த அவர், சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து பாடத் தொடங்கினார். கிட்டப்பாவைச் சந்திக்கும் முன்பே அவர் பெயர் பெற்ற நடிகை. 1926இல் கொழும்பு மேடையில் இருவரும் இணைந்தனர், 1927இல் மணந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மணமாகியிருந்தது. இருவரின் இல்வாழ்வும் முழுதும் இனிதாக அமையவில்லை. 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு அகவை 25. அன்று உடுத்திய வெள்ளாடையை அவர் 1980இல் மறையும்வரை களையவில்லை. ஆடவருடன் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

அவரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்த உறுதியில் தொடங்கி இதிலேயே முடிகின்றன. அது அவர் தாமே தேர்ந்துகொண்ட வழி, அதனை மதிக்கிறோம். ஆயினும், கணவனை இழந்தாளின் காத்திருப்புக்கு நான்கு மாதம் பத்து நாள் என எல்லை வகுத்து, அதன்பின் மறுமணத்திற்கும் வழிவிட்ட மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். இருபத்தைந்து வயதில் ஒரு பெண் பூண்ட துறவைக் கைதட்டி வரவேற்கும்போது, அதே துறவை நம் மகளிடம் கேட்போமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டாவோ? ஒருத்தியின் துயரத்தை ஊரார் அணிகலனாக்கி மகிழ்வது நேரிய திறனாய்வு ஆகாது.

இனி, கலையைப் பார்ப்போம். அவர் திரைக்கு வந்தது 1935இல் ‘பக்த நந்தனா’ரில். நந்தனாராக ஆண் வேடமே பூண்டார்; வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அம்மையாருக்கு அளிக்கப்பட்ட ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். மறுத்துவிடும் நோக்குடன் அவர் கேட்ட தொகையைத் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பர். படமோ வெற்றி பெறவில்லை. அதில் வந்த எருமையையும் பனைமரத்தையும் நடிப்புக்காகப் பாராட்டி எள்ளி நகையாடினார் கல்கி. அந்த ஏளனத்தில் ஓர் உண்மையும் இருந்தது. ஒலிபெருக்கியில்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பழகிய கலை, முகத்தருகே வந்து நிற்கும் படக்கருவிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைத் திரையுலகம் அவருக்குத் தந்ததா?

ஆண்டுகளைக் கணக்கிடுக. 1940இல் ‘மணிமேகலை’, அடுத்து 1953இல் ‘ஔவையார்’, அதற்கடுத்து 1964இல் ‘பூம்புகார்’. முதல் இடைவெளி 13 ஆண்டுகள். இரண்டாவது 11 ஆண்டுகள். அக்காலத்தில் அவர் முடங்கியிருக்கவில்லை. காங்கிரசு மேடைகளில் பாடினார். 1950களில் சட்ட மேலவையிலும் அமர்ந்தார். காதலிக்கப்படும் நாயகியை மட்டுமே அறிந்திருந்த திரையுலகிற்கு, காதலில் இறங்க மறுத்த ஒரு பெரும் நடிகையை என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த வெற்றிடத்திற்கு அவருடைய உறுதி மட்டும் பொறுப்பன்று. எழுதுவோரின் கற்பனை வறுமையும் பொறுப்பாகும். தாய், வணிகம் நடத்துபவள், ஆசிரியை, ஊர்த்தலைவி என எத்தனை வேடங்களை அவருக்காக எழுதியிருக்கலாம்!

ஜெமினியின் ‘ஔவையார்’ அவருக்கு அழியாப் புகழைத் தந்தது. இளமைப் பருவத்து ஔவையாகக் குசலகுமாரி தோன்றினார். மூதாட்டியாக அம்மையார் திரையை நிறைத்தார். அவருடைய குரலில் ழகரமும் றகரமும் ஒலிக்கும் தெளிவைத் தமிழ் பயிலும் பிள்ளைகள் இன்றும் கேட்டுப் பயன் பெறலாம். ஆயினும் அப்படம் நிகழ்ச்சிகளின் கோவையே. அவர் பாடுகிறார், அற்புதம் நிகழ்கிறது, கதை அடுத்த ஊருக்கு நகர்கிறது. உள்ளத்தில் போராட்டமில்லாத பாத்திரத்தில் நடிப்புக்கு வேலை குறைவு. அங்கே நாம் வணங்கத்தக்க ஓர் உருவத்தைக் கண்டோம். ஒரு மனுஷியைக் காணவில்லை.

அந்த மனுஷியை நாம் கண்டது ‘பூம்புகா’ரில். மு. கருணாநிதியின் எழுத்தில் உருவான அப்படத்தில் அவர் ஏற்ற பாத்திரம், கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாகும் சமணத் துறவி கவுந்தியடிகள். துறவு பூண்டும் பிறர் துயரில் பங்குகொள்ளும் பாத்திரம் அது. அறிவுரை கூறும் குரல் ஆங்காங்கே தழுதழுக்கிறது, பின் சினக்கிறது. எமது மதிப்பீட்டில் அவருடைய திரைப்பணியின் சிகரம் இதுவே. பின்னர் வந்த ‘திருவிளையாடல்’ (1965) முதலிய படங்கள் அவரை மீண்டும் பக்திப் பாடலுக்கே அழைத்துச் சென்றன. ‘துணைவன்’ படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மசிறீ விருதும் கிடைத்தன. விருது பெற்றது குரல்; நடிகை காத்துக்கொண்டே இருந்தார்.

அவர் பாடியவற்றுள் பல நம் சமயம் சார்ந்தவையல்ல. ஆனால் நல்ல தமிழ் எவர் நாவில் ஒலித்தாலும் செவி சாய்ப்பது நம்மவர் வழக்கம். இனி வானொலியில் அக்குரல் ஒலிக்கும்போது, நம் வீட்டுப் பிள்ளைகளிடம், “கணவர் மறைந்தபின் வெள்ளாடை உடுத்தியவர்” என்று மட்டும் அறிமுகம் செய்யாதிருப்போம். ஒரு வறிய சிறுமி தன் தொண்டையை மட்டும் நம்பி மேடையேறி, தன் ஊதியத்தைத் தானே சொல்லிப் பெற்று, சட்ட மேலவை வரை சென்ற கதையையும் சேர்த்துச் சொல்வோம். செங்கோட்டை அவருக்குப் புகுந்த ஊர் என்பது மெய். கலை அவருடைய சொந்த ஊர் என்பதும் மெய்யன்றோ?