கோத்தர் கதைகளும் கூறியவர் குரலும்

நீலமலையின் ஏழூர்களில் வாழும் கோத்தர்தம் மொழி, தமிழாராய்ச்சியாளர்க்குப் பெரும்பாலும் அகராதி வாயிலாகவே அறிமுகமாகின்றது. பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டுவோர், தமிழ் மலையாளச் சொற்களை அடுத்துக் கோத்தர் சொல் நிற்கக் காண்பர். நம் 'மரம்' ஆங்கே 'மர்ம்' என நிற்கும். இடையுயிர் கெட்டு மெய்கள் நெருங்கும் இவ்வியல்பு ஒப்பிலக்கணத்தார்க்கு உவப்பானதே. ஆயின் அவ்வளவில் அமைந்துவிடுகின்றோம். அச்சொற்கள் யார் வாயினின்று, எக்கதையின் நடுவே பிறந்தன என வினவுவார் அரியர்.

எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி மொழிக் களப்பணி ஆற்றியவர், சபீரிடம் பயின்றவர். இலக்கணமும் உரைத்தொகுதியும் அகராதியும் ஒருங்கே அமைந்தாலன்றி ஒரு மொழியின் ஆராய்ச்சி நிறைவெய்தாது என்பது அப்பள்ளியின் கொள்கை. அக்கொள்கையின் விளைவே கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1944-46-இல் நான்கு பகுதிகளாக வெளியிட்ட 'கோத்தர் உரைகள்'. முதற்பகுதியில் இலக்கணச் சுருக்கமும் உண்டு. நம் மாணவர் அப்பகுதியைக் கற்று, ஏனையவற்றை எடுத்துக்காட்டுத் தேடுதற்கு மட்டும் திறக்கின்றனர். இப்போக்கை யாம் ஏற்கின்றிலேம்.

அவ்வுரைகளை எடுத்துரைத்தவர் கொல்மேல் ஊரினராகிய சுள்ளி என்பார். ஆங்கிலங் கற்ற ஆசிரியர், தம் குலத்தார் நீண்ட குடுமி வைத்திருந்த காலத்தில் முடி வெட்டிக்கொண்டு எதிர்ப்புக்கு ஆளானவர், சீர்திருத்தம் வேண்டியவர். 1937 முதல் கோத்தரிடையே ஆய்வு நிகழ்த்திய மாண்டல்பாம் என்னும் மானிடவியலாரும் அவரையே பெரிதும் சார்ந்தார். சுள்ளி நிகழ்ச்சிகளை உள்ளவற்றினும் ஒழுங்குபடச் சொல்லும் இயல்பினர் என்றும், தம்மையே நடுநாயகமாக வைத்துக் கூறும் விருப்புடையர் என்றும் அவர் 1960-இல் எழுதினார்.

இக்குறிப்பை எவ்வாறு கொள்வது? கோத்தர் வாழ்வின் வரலாற்றுச் சான்றாக அவ்வுரைகளைக் கொள்வார்க்கு இஃது ஓர் எச்சரிக்கை. கதை சொல்பவரும் பொருள் விளக்குபவரும் ஒருவராகவே, ஏனையோர் கண்ணுக்கு அதே நிகழ்ச்சி எங்ஙனம் தோன்றியது என்பது மறைந்துவிடுகின்றது. பெண்டிர் குரலோ ஈண்டு இல்லை. ஆயின் இலக்கிய ஆராய்ச்சியாளர்க்கு அதே குறிப்பு ஒரு வாயில் என்பேம். நிகழ்ச்சியைத் தேர்ந்து, நிரல்படுத்தி, உரையாடலால் நடத்திச் செல்பவனை நாம் ஆசிரியன் என்றன்றோ அழைக்கின்றோம்? சிலப்பதிகாரத்திற்கு வழங்கும் அளவையை மலைவாழ்நர் கதைக்கு மறுத்தல் நேர்மையன்று. 'தகவலாளர்' என்னும் சொல், அவரிடமிருந்து செய்தியை மட்டும் வாங்கிக்கொண்டு ஆக்கத்தை விட்டுவிடுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவாம். கோத்தர் இறந்தார்க்கு இருவகைச் சடங்கு செய்வர். இறந்த அணிமையில் நிகழ்வது 'பச் தாவ்'. முன்னை உலர்சடங்கிற்குப் பின்னர் மறைந்தோர் அனைவர்க்கும் ஒருசேர நிகழ்வது 'வர்ல் தாவ்'. பச்சையும் வறளும் ஆகிய நம் சொற்களின் உறவினை ஒரு நொடியில் காண்கின்றோம். அகராதிக்கு அது போதும். ஆனால் துயரம் ஒன்று, ஈரமுள்ள பொழுதில் ஒருமுறையும் உலர்ந்த பின்னர் ஊரே கூடி மறுமுறையும் வழியனுப்பப்படுகின்றது என்னும் கருத்தைச் சொல்லுறவு தராது. அச்சடங்குகள் இடம்பெறும் கதைகளைத் தொடர்ந்து படித்தலே தரும். வேர்ச்சொல்லைக் கண்ட மகிழ்ச்சியில் இதனை இழத்தல் பெருநட்டம்.

எமனோவின் பதிப்பிற்கும் ஓர் எல்லை உண்டு. எழுதுவார் கைக்கு இசைய நிறுத்தி நிறுத்திச் சொல்லப்பட்ட உரைகள் அவை, ஒலிப்பதிவு அன்று. கேட்போரின் இடையீடும் சொல்வார் மூச்சும் அதில் இல்லை. மேலும் ஒலிக்குறி இட்ட உரோம எழுத்தும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கொல்மேல் முதியோர்க்குப் பயன்படா. தமிழெழுத்தில் பெயர்ப்போமெனின் வேறோர் இடர் எழுகின்றது. கோத்தம் நுனியண்ணத் தடையொலியைத் தனியே போற்றி வருகின்றது. நம் றகரத்திற்கு இலக்கணநூலார் வகுத்த பிறப்பும் அவ்விடமே. இற்றை நம் ஒலிப்போ பெரிதும் திரிந்தது. கோத்தர் சொல்லை றகரத்தால் எழுதினால் நம் மாணவர் பிழைபடவே படிப்பர். ஆதலின், புள்ளியிட்ட புதுக்குறி ஒன்றைக் கோத்தரோடு கலந்து வகுத்துக்கொண்டு, முதற்பகுதியின் கதை ஒன்றையேனும் அவ்வூரார் வாய்விட்டுப் படிக்கக் கேட்டுத் திருத்தி அச்சிடுதல் வேண்டும்.