முக்கால் விழுக்காட்டுக்குள் நாம்

பருவநிலைப் பொருளியலின் மூலப் பிரதிகளுள் ஒன்று, வில்லியம் நார்ட்ஹவுஸ் 1991இல் எழுதிய கட்டுரை. இத்துறைப் பணிக்காக 2018இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்க வருமானத்தில் வேளாண்மையும் வனமும் ஏறத்தாழ 3 விழுக்காடு. 87 விழுக்காட்டை வெப்பம் அதிகம் தொடாது என்கிறது கட்டுரை. 3 டிகிரி வெப்பம் கூடினால் இழப்பு, வருமானத்தில் கால் விழுக்காடு. அளக்க முடியாதவற்றையும் சேர்த்தால் 1 விழுக்காடு ஆகலாம் என்பது அவர் ஊகம்.

உணவு மலிவாகக் கிடைக்கும் வரைதான் அதன் பங்கு 3 விழுக்காடு. உலை வைக்க அரிசி இல்லாத வீட்டிலிருந்து மற்ற வேலைகளுக்கு யார் கிளம்பிப் போவார்கள்?

ஊதியமில்லா உழைப்பு தேச வருமானக் கணக்கில் இடம்பெறுவதில்லை என்று மரிலின் வாரிங் 1988இலேயே விரிவாக எழுதிவிட்டார். வறட்சியில் குடத்தோடு கூடுதலாக நடக்கும் தொலைவு, அனல் இரவில் மாமியாருக்கு விசிறியபடி விழித்திருப்பது, பள்ளியை விட்டு நின்ற மகள் அடுப்படியில் செய்யும் வேலை: எதற்கும் விலையில்லை. விலையில்லாததால் இழப்பாகவும் பதிவாகாது. இன்னும் சொன்னால், பெண்கள் இவற்றைத் தாங்கிக்கொள்வதால்தான் சந்தையின் சேதம் குறைவாகத் தெரிகிறது. நம் சகிப்பு, மாதிரிக்குள் நல்ல செய்தியாக நுழைகிறது.

பின்வந்த மாதிரிகள் எண்களைத் திருத்தின. ஆனால் சேதத்தை உற்பத்தியின் விழுக்காடாக அளக்கும் வழக்கம் அவற்றில் பலவற்றிலும் தொடர்கிறது. கார்பன் வரி எவ்வளவு, எப்போது என்ற முடிவுகள் இவற்றைச் சார்ந்தவை. ஆகவே மாணவிகள் இந்தச் சமன்பாடுகளையும் இலக்கியப் பிரதிபோல வாசிக்க வேண்டும். கால் விழுக்காடு கணக்கு. முக்கால் விழுக்காடு ஊகம். நாம் எங்காவது இருந்தால், அந்த ஊகத்துக்குள் பெயரில்லாமல் இருக்கிறோம்.