டால்ஃபின், சுவான் விடுதிகள்: தொலைவிலிருந்தும் உள்ளிருந்தும்

டால்ஃபின், சுவான் ஆகியவை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் வளாகத்தில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பெரிய சொகுசு விடுதிகள். இரண்டையும் வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ். சுவான் 1990 சனவரியிலும் டால்ஃபின் அதே ஆண்டு சூனிலும் திறக்கப்பட்டன. டால்ஃபினில் 1,500க்கு மேற்பட்ட அறைகளும் சுவானில் 750க்கு மேற்பட்ட அறைகளும் உள்ளன. எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்னும் இரண்டு கேளிக்கைப் பூங்காக்களுக்கு இடையே இவை அமைந்திருப்பதால் இரண்டுக்கும் நடந்தே போகலாம், படகிலும் போகலாம்.

கட்டடக் கலை பற்றிய நூல்கள் இவ்விடுதிகளைப் பின்நவீனத்துவப் பாணிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும். கூரையில் இருக்கும் மீன்களும் அன்னங்களும் கலையா, கேலிக்கூத்தா என்பதே அவற்றில் பெரும்பாலும் எழும் விவாதம். ஆனால் விடுதி என்பது முதலில் ஒருவர் இரவு தங்கும் இடம். தங்குபவருக்கு இக்கட்டடம் என்ன தந்தது, பின்னர் எதைப் பறித்துக்கொண்டது என்ற கேள்வி அந்த விவாதத்தில் காணாமல் போய்விடுகிறது.

பின்னணி

டிஸ்னி நிலத்தில் இருந்தாலும் இவை டிஸ்னியின் விடுதிகள் அல்ல. நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. கட்டியது டிஷ்மன் நிறுவனம். 1984இல் டிஸ்னியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற மைக்கேல் ஐஸ்னர் கட்டடக் கலையில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். சாதாரணமான உயரப் பெட்டிகளை அவர் விரும்பவில்லை. 1982இல் போர்ட்லண்ட் நகரில் கட்டிய அரசு அலுவலகத்தால் புகழும் ஏச்சும் ஒருசேரப் பெற்றிருந்த கிரேவ்ஸிடம் பணி வந்தது இப்படித்தான். தொடக்கத்தில் டால்ஃபினை ஷெரட்டனும் சுவானை வெஸ்டினும் நடத்தின. இன்று இரண்டும் மாரியட் குழுமத்தின் பெயரில் இயங்குகின்றன.

கதை சொல்லும் வெளிப்புறம்

டால்ஃபினின் நடுப்பகுதி 257 அடி உயரமுள்ள முக்கோணம். அதன் இருபுறமும் நீளும் சிறகுகளின் முனைகளில் 56 அடி உயர மீன்கள் இரண்டு. எதிரே சுவானின் வளைந்த கூரைமேல் 47 அடி உயர அன்னங்கள் இரண்டு. டால்ஃபின் சுவரெங்கும் வாழையிலைகள் தீட்டப்பட்டுள்ளன, சுவான் சுவரெங்கும் அலைகள். இவற்றை இணைக்க ஒரு கதையும் உண்டு. ஒரு மலை நிலத்தைப் பிளந்துகொண்டு எழுந்ததாம். அதன் உள்ளிருந்து பீறிட்ட நீர் சிப்பிகள் வழியாக வழிந்து, எதிர்க்கரையில் சுவான்மீது அலையாகத் தெறித்ததாம். டால்ஃபினின் முகப்பில் சிப்பி வடிவத் தொட்டிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழிந்தோடுவது இதனால்தான்.

"இது ஓங்கில் போலவே இல்லையே, மீன் போலல்லவா இருக்கிறது" என்று வருவோர் கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானது. கிரேவ்ஸ் உயிரியல் படத்தைப் பார்த்து வரையவில்லை. ரோம் நகரில் பெர்னினி செதுக்கிய டிரைட்டன் நீரூற்றில் உள்ள ஓங்கில்களைப் போன்ற பழைய ஐரோப்பிய உருவத்தையே எடுத்தார். நம் கோயில் தோரணங்களில் உள்ள மகரத்தை எந்த ஆற்றிலும் காண முடியாது. அதைப் போன்றதுதான் இதுவும். இந்த அளவில் கிரேவ்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இக்கதையை முழுமையாகப் பார்க்கக் கூடியவர் யார்? ஏரிக்கு அப்பால் நிற்பவர், படகில் வருபவர், எப்காட் பூங்காவில் நடப்பவர். எப்காட்டில் பல நாடுகளின் கட்டடங்களைப் போலச் செய்து வைத்திருக்கும் பகுதியில், வேறொரு நாட்டில் இருப்பதாக மனம் நம்பத் தொடங்கும் வேளையில் கூரைகளுக்கு மேல் இந்த மீன் எட்டிப் பார்க்கிறது. அதைக் காணக் கட்டணம் செலுத்தாதவரும் காண்கிறார். அறைக்குக் கட்டணம் செலுத்தியவரோ அதற்குள் படுத்திருப்பதால் காண்பதில்லை. கோபுரம் தொலைவில் இருப்பவருக்காக உயர்வது இயல்புதான். ஆனால் கோபுரத்தில் யாரும் தங்குவதில்லை.

தங்குபவரின் அனுபவம்

இதை ஒப்பிட்டுப் பார்க்க அதே வளாகத்தில் 1971இல் திறந்த கன்டெம்பரரி விடுதி உதவும். அங்கே ஒற்றைத் தண்டவாள ரயில் கட்டடத்தின் நடுவே புகுந்து செல்கிறது. ரயில் நிற்கும் பெருங்கூடத்தில், ஓவியர் மேரி பிளேர் வடிவமைத்த 90 அடி உயர ஓட்டுச் சித்திரம் நிற்கிறது. அதிலுள்ள ஆடுகளில் ஒன்றுக்கு ஐந்து கால்கள். குழந்தைகள் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. அறையை விட்டு வெளியே வந்ததும் தங்குபவர் காட்சிக்குள் நிற்கிறார். அங்கே காட்சியும் தங்குமிடமும் ஒன்றே.

கிரேவ்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. டால்ஃபின், சுவானின் உட்புறத்தையும் அவரே வடிவமைத்தார். விளக்கு, தரைவிரிப்பு வரை அவர் கை பட்டது. அறைக் கதவுகள் கடற்கரையில் உடை மாற்றும் கோடு போட்ட சிறு குடில்களைப் போலத் தீட்டப்பட்டன. டால்ஃபினின் வரவேற்புக் கூடத்துக்குக் கூடாரம் போன்ற விதானம் அமைந்தது. 1,500 அறைகள் கொண்ட கட்டடத்தில் தாழ்வாரங்கள் நீண்டுகொண்டே போகும். நாளெல்லாம் பூங்காவில் நடந்து களைத்த குழந்தையை இழுத்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தைக் கடப்பது ஒரு தண்டனை. ஒவ்வொரு கதவும் ஒரு கடற்கரைக் குடில் என்றால் அந்த நடைக்குக் கொஞ்சம் வேடிக்கை சேர்கிறது. பெரிய மீன்களைவிட இதுவே நுட்பமான வேலை.

போனதும் இதுதான். பல கட்டங்களாக நடந்த புதுப்பிப்புகளில் உட்புற வண்ணங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 2017இல் டால்ஃபின் வரவேற்புக் கூடமும் மங்கிய சாம்பல் நிறச் சாயலுக்கு மாறியது. உள்ளே நுழைபவர் இப்போது காண்பது எந்த ஊர் மாநாட்டு விடுதியிலும் காணக் கூடிய கூடம். மாநாடுகளே இவ்விடுதியின் பெருவருவாய் என்பதும் இந்த மாற்றத்துக்குக் காரணமாகலாம். ஆக, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கான பகுதி பேணப்பட்டது; தங்குபவருக்கான பகுதி கைவிடப்பட்டது.

விருந்தினர் சொல்லும் குறைகளை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். கழுத்தில் மாநாட்டு அட்டை அணிந்தவர்களும் நீச்சல் உடையில் குழந்தைகளும் ஒரே மின்தூக்கிக்குக் காத்திருக்கிறார்கள். டிஸ்னி தன் சொந்த விடுதிகளில் வாங்காத அன்றாட 'ரிசார்ட் கட்டணம்' இங்கே அறை வாடகையோடு சேர்கிறது. கார் நிறுத்தத்துக்கும் தனிக் கட்டணம். மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2025 மே மாதம் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அது கட்டணத்தைத் தடுக்கவில்லை, மறைப்பதைத்தான் தடுத்தது.

நிறைகளும் சிறியவை அல்ல. பொதுத் திறப்புக்கு 30 நிமிடம் முன்பே பூங்காவுக்குள் நுழையும் உரிமை டிஸ்னி விடுதிகளில் தங்குபவரைப் போல இங்கே தங்குபவருக்கும் உண்டு. இரவு வாணவேடிக்கை முடிந்ததும் பேருந்து வரிசையில் நிற்காமல் ஏரிக்கரையோரமாகவே நடந்து திரும்பிவிடலாம். பலர் மீண்டும் இங்கேயே வருவதற்கு இந்த நடைபாதையே போதுமான காரணம். அதில் மீனுக்கும் அன்னத்துக்கும் பங்கில்லை.

கிரேவ்ஸின் பிற்காலம்

2003இல் நோய்த்தொற்று ஒன்றால் கிரேவ்ஸின் கால்கள் செயலிழந்தன. அதன்பின் சக்கர நாற்காலியில்தான் வாழ்ந்தார். மருத்துவமனை அறையில் குழாய் கைக்கு எட்டவில்லை, கண்ணாடி உயரத்தில் இருந்தது, மின்செருகி குனிந்தாலும் எட்டாத தாழ்வில் இருந்தது. இவற்றைக் கவனித்த அவர், 2015இல் இறக்கும் வரையிலான ஆண்டுகளில் மருத்துவமனை அறைக்கலன்களையும் சக்கர நாற்காலியையும் வடிவமைத்தார். ஓர் அறைக்குள் இருப்பவரின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கிய வேலைகள் அவை. அவருடைய கட்டடங்களைப் பயிலும் மாணவர் டால்ஃபினின் படத்துக்குப் பக்கத்தில் அந்த நாற்காலியின் படத்தையும் வைத்துப் பார்க்கலாம்.

சாலையின் எதிர்ப்புறம் 2021இல் சுவான் ரிசர்வ் என்ற மூன்றாவது விடுதி 349 அறைகளுடன் திறக்கப்பட்டது. பெயரில் அன்னம் உண்டு, கூரையில் இல்லை.