சாப்பாட்டு அறைச் சுவரில் கௌதாரி

ஆணியில் தலைகீழாகத் தொங்கும் கௌதாரி, பக்கத்தில் முயல், கீழே துப்பாக்கி. வேட்டையாடப்பட்ட பறவைகளை வரைந்த பழைய ஐரோப்பிய ஓவியங்களின் கேன்வாஸ் பிரதிகள் இன்று ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கின்றன. மதுரைக்குப் பக்கத்துச் சமயநல்லூரில் புது வீடு கட்டி, சாப்பாட்டு அறைக்குப் படம் தேடுகிறவர் இதை வாங்கலாமா?

கலையாகப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. வெனிஸ் ஓவியர் யாக்கோப்போ தே பார்பரி 1504-இல் வரைந்த படம் இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று. இப்போது மியூனிக்கில் இருக்கிறது. மரப்பலகையில் தொங்கும் கௌதாரி, இரும்புக் கையுறைகள், ஓர் அம்பு. ஓவியரின் பெயர் எழுதிய காகிதத் துண்டுகூட நிஜம்போல் தீட்டப்பட்டதுதான். டச்சு ஓவியர் யான் வீனிக்ஸ் இறகின் மென்மையைத் தூரிகையில் கொண்டுவந்தார். பிரான்சின் ஷார்தேன் ஆடம்பரத்தை விலக்கி, செத்த உயிரின் கனத்தை மட்டும் வரைந்தார். நம் தட்டுக்கு வரும் கறி ஓர் உயிராக இருந்தது என்பதை இவை மறைப்பதில்லை. அது பெரிய நேர்மை.

குறை, படம் மாட்டப்பட்ட நோக்கத்தில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் வேட்டை பிரபுக்களின் உரிமை. அந்த உரிமை இல்லாத பணக்கார வணிகர்கள், வேட்டைப் படத்தை வாங்கி மாட்டி அந்தஸ்து தேடிக்கொண்டார்கள். அந்தப் பெருமையை நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்? மதுரையைச் சுற்றிய முட்காடுகளில் கௌதாரி இன்றும் கூவுகிறது. கண்ணி வைத்துப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கூவலைக் கேட்டறியாத குழந்தைக்குச் செத்த கௌதாரியை முதலில் அறிமுகப்படுத்துவது சரியல்ல. மேலும், இப்படங்களின் அழகே இருண்ட பின்னணியில்தான் இருக்கிறது. எட்டுக்குப் பத்து அறையில் அந்த இருட்டு சுவரையே அடைத்துக்கொள்ளும்.

நமக்கு வேறு மரபு உண்டு. சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சை ஓவியர்கள் பறவைகளை இனம் காணும் நுட்பத்தோடு வரைந்தார்கள். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வரைய அங்கே பறவைகளுக்குப் பஞ்சமில்லை.

ஓவியத்தை நேசிப்பவர், ஷார்தேனின் சிறு பிரதி ஒன்றைப் படிக்கும் அறையில் மாட்டி, அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அந்தஸ்துக்காக என்றால் வேண்டாம். அந்தப் பணத்தை உள்ளூர் ஓவியர் ஒருவரிடம் கொடுத்து, உயிருள்ள கௌதாரியை வரையச் சொல்லுங்கள்.